ஆமா கிண்டிய சேம்பு

சென்ற ஆவணி மாதத்திலே ஒரு சனிக்கிழமை பிற்பகல். உயர்தர வகுப்பு மாணவரின் உயிரியல் விடைத்தாள்களை மேசையிற் பரப்பி வைத்துக்கொண்டு திருத்திக் கொண்டிருந்தேன். சிங்கப்பூரிலிருந்து கைத்தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் அயல்வீட்டுக்காரியாக இருந்த சீனப் பெண்மணி எழுதியிருந்தார்.

“மாமியாரின் இரண்டாம் ஆண்டுத் திவசம் ஐப்பசியில் வருகிறது. முதலாம் ஆண்டு உணவுச்சாலையில் வாங்கிய ஓ-நீயைப் படையலில் வைத்தோம். அது ஆமாவுடையது போல இல்லையென்று என் மகன் அதைத் தொடவே இல்லை. எங்களில் ஒருவரும் அவரிடம் அதைக் கற்றுக்கொள்ளவில்லை. நீங்கள் அவருடைய அடுப்படியில் நின்று பழகியவர். அளவுகளோடு எழுதி அனுப்புவீர்களா?”

விடைத்தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டேன். அன்று பின்னர் ஒரு தாளையும் நான் திருத்தவில்லை.

ஓ-நீ என்பது யாதென்று வாசகர்கள் கேட்பது நியாயமே. தென்சீனத்தின் குவாங்டொங் மாகாணத்துக் கிழக்குக் கரையிலே, ஹான் ஆறு கடலோடு கலக்கும் பகுதியில் வாழும் மக்களைத் தியோச்சூ மக்கள் என்பர். சுவாத்தோ அவர்களுடைய துறைமுகம். அத்துறையிலிருந்து கப்பலேறிச் சீயத்துக்கும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றோர் பல்லாயிரவர். அவர்கள் மொழியிலே ‘ஓ’ என்றாற் சேம்பு. ‘நீ’ என்றாற் சேறு, அதாவது சேறுபோலக் குழைந்த மசியல். சேப்பங்கிழங்கை ஆவியில் அவித்து, மசித்து, எண்ணெயும் சீனியும் விட்டு நெடுநேரம் கிண்டி எடுப்பதே ஓ-நீ. தியோச்சூ மக்களின் திருமண விருந்துகளில், மீனும் கோழியும் வாத்தும் வந்து போன பின்னர், கடைசியாக வருவது இதுவே.

2009 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், பாடசாலையிற் சம்பளமற்ற விடுமுறை பெற்றுக்கொண்டு, இரண்டு வயது மகனோடு சிங்கப்பூர் சென்றேன். என் கணவருக்கு அங்கே ஒரு கப்பற் பட்டறையில் வேலை கிடைத்திருந்தது. ஹௌகாங் என்னும் பகுதியிலே, அடுக்குமாடிக் கட்டடமொன்றின் ஒன்பதாம் மாடியிற் குடியிருந்தோம். ஹௌகாங் என்பது மந்தாரின் உச்சரிப்பு. அங்குள்ள பழைய தியோச்சூக்காரர் அதனை ‘ஆவ் காங்’ என்றே சொல்வர். எங்களுக்கு அடுத்த வீட்டிலே அப்போது எண்பது வயதான ஒரு மூதாட்டி, மகனோடும் மருமகளோடும் ஒன்பது வயதுப் பேரனோடும் இருந்தார். பாட்டியை அவர்கள் ‘ஆமா’ என்றழைப்பர். இந்தியத் தமிழர் ‘ஆமா’ என்றால் ‘ஓம்’ என்று பொருள்; எங்களுக்கோ அது ‘அம்மா’வின் பக்கத்தில் நிற்கும் சொல்லாகப் பட்டது. நானும் அவரை ஆமா என்றே அழைத்தேன்.

2010 பெப்ரவரி 14 ஆம் நாள் சீனப் புத்தாண்டு. மறுநாட் காலையில் ஆமா எங்கள் கதவைத் தட்டி, நீலப்பூ வரைந்த கிண்ணமொன்றை இரு கைகளாலும் நீட்டினார். சாம்பலும் ஊதாவுங் கலந்த நிறத்திலே பளபளவென்று ஒரு களி. மேலே மஞ்சட் பூசணித் துண்டுகளும் முத்துப்போன்ற சில விதைகளும். எனக்கு உடனே ஊர் இராசவள்ளிக்கிழங்குக் கூழின் நினைவு வந்தது; நாவூறியது. பின்னால் நின்ற மருமகளிடம், இதில் என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்று ஒரு பேச்சுக்காகக் கேட்டேன். “பன்றிக்கொழுப்பிற் கிண்டியது. அதுதான் முறை” என்றார் அவர், பெருமையோடு.

நான் பிறந்ததிலிருந்து மரக்கறி உணவே உண்டு வளர்ந்தவள். முகத்தில் ஒன்றுங் காட்டாமல், நன்றி கூறிக் கிண்ணத்தை வாங்கிக் கதவைச் சாத்தினேன். அப்போதே உள்ளதைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே இடமிருந்திராது. மரியாதைக் குறைவாகிவிடுமென்று எண்ணி நான் செய்ததோ அதனினும் பெரிய மரியாதைக் குறைவு. அன்று மாலை களி முழுவதையும் பத்திரிகைத் தாளிற் சுற்றி, கிண்ணத்தையும் கையிலெடுத்துக்கொண்டு, மின்தூக்கிக்கு அருகே எல்லா வீட்டாருக்கும் பொதுவாக அமைந்திருந்த குப்பைத் துவாரத்துக்குச் சென்றேன். பொட்டலத்தை உள்ளே தள்ளி மூடியைச் சாத்தவும், மின்தூக்கியின் கதவு திறக்கவும் சரியாயிருந்தது. சந்தைக் கூடையோடு ஆமா நின்றார்.

என் கையிலே வெறுங் கிண்ணம். அதன் விளிம்பிலே ஊதா நிறப் பசை. ஆமா என்னைப் பார்த்தார். குப்பை மூடியைப் பார்த்தார். ஒரு சொல்லும் பேசவில்லை. என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி, விளிம்பில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்துத் தம் வாயில் இட்டுக்கொண்டு வீட்டினுள்ளே போய்விட்டார்.

மூன்று நாட்கள் நான் வாசலுக்கே வரவில்லை. நான்காம் நாள், வேலையிலிருந்து திரும்பிய மருமகளை வழிமறித்து எல்லாவற்றையுஞ் சொல்லி, மாமியாருக்குச் சொல்லுமாறு கேட்டுக்கொண்டேன். அவர் என்னைக் கையோடு உள்ளே அழைத்துச் சென்றார். மருமகள் தியோச்சூ மொழியிலே தட்டுத் தடுமாறிச் சொல்லச் சொல்ல, ஆமாவின் முகம் மெல்ல மெல்ல மாறியது. முடிவில் தொடையிலே தட்டிப் பெரிதாகச் சிரித்து, “சியா சாய்! சியா சாய்!” என்றார். மரக்கறி உண்பவள் என்பது பொருள். சுவரில் தொங்கிய நாட்காட்டியின் தாள்களைப் புரட்டிக் காட்டினார். ஒவ்வொரு சந்திர மாதத்திலும் முதலாம் நாளும் பதினைந்தாம் நாளும் அடையாளமிடப்பட்டிருந்தன. எங்கள் அமாவாசை, பூரணை விரதங்கள் போல, அவ்விரு நாட்களிலும் அவர் மச்சமாமிசந் தொடுவதில்லை. அந்நாட்களுக்கென்றே வேறு தாச்சி, வேறு அகப்பை! பத்திரிகைத் தாளிற் சுற்றி அலுமாரியின் மேற்றட்டில் வைத்திருந்த அதனை இறக்கி, என் முன்னே வைத்தார்.

எங்கள் வீட்டிலும் திவசத்துக்கென்று தனிப் பாத்திரங்கள் பரணில் உண்டு. ஆசாரம் என்பது எங்கள் வளவுக்குள் மட்டும் விளைந்ததென்று எண்ணியிருந்த எனக்கு, அந்தக் கரிபிடித்த தாச்சி நல்ல பாடமாயிற்று.

பதினைந்தாம் நாள் வந்தது. பெப்ரவரி 28. காலையிலேயே கதவைத் தட்டி, வா என்று கையாற் சைகை காட்டினார். எங்களிருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. அவருக்குத் தியோச்சூவும் சிறிது சந்தை மலாயும் தெரியும். எனக்குத் தமிழும் ஆங்கிலமும். பேரனோ பாடசாலையில் ஆங்கிலமும் மந்தாரினும் படித்தவன். 1979 ஆம் ஆண்டிலே அந்நாட்டரசு ‘மந்தாரின் பேசுவோம்’ என்னும் இயக்கத்தைத் தொடங்கியபின், தியோச்சூ, ஹொக்கியன், கன்ரனீஸ் முதலிய மொழிகள் வானொலியிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் ஒதுங்கின. பின்பு வீடுகளிலிருந்தும் மெல்ல ஒதுங்கின. சோறு வேண்டுமா, குளித்தாயா, எங்கே போகிறாய் என்னும் அளவுக்குத்தான் பாட்டிக்கும் பேரனுக்கும் பேச்சு இருந்தது. அந்நகரின் நான்கு அரசகரும மொழிகளுள் என் தாய்மொழி ஒன்று. அங்கேயே எழுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஆமாவின் தாய்மொழி அவற்றுள் இல்லை. இதனை நான் ஒருபோதும் பெருமையாக நினைத்ததில்லை.

அவர் தம் ஏழாவது வயதில், 1937 இலே தாயோடு கப்பலில் வந்தவர். அக்காலத்திலே சீன ஆண்களின் வருகைக்கு 1933 முதல் வரம்பு இருந்தது. பெண்களுக்கு 1938 வரை இல்லை. அந்த இடைவெளியில் வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான பெண்களுள் அவருடைய தாயும் ஒருவர். ஓ-நீ கிண்டுவதைத் தாயிடமே கற்றாராம். இவையெல்லாம் பின்னர் மருமகள் வாயிலாக நான் அறிந்தவை.

சமையலுக்கு வருவோம்.

முதலிற் கிழங்கு. எங்களூரிற் சிறு உருண்டைகளாகக் கிடைக்கும் சேப்பங்கிழங்கு இதற்கு ஆகாது, அது வழுவழுக்கும். தாய்க்கிழங்கு வேண்டும், பெரியது, வெட்டினால் வெண்மையான சதையிலே ஊதா நிற நரம்புகள் கொட்டைப்பாக்கைப் பிளந்தாற்போல ஓடவேண்டும். சீனரும் அவ்வினத்தைப் பாக்குச் சேம்பு என்றே வழங்குகின்றனர். (சிங்கப்பூரில் ஆங்கிலம் பேசுவோர் சேம்பை ‘யாம்’ என்கின்றனர். யாம் என்பது வள்ளிக்கிழங்கின் இனம். உயிரியல் ஆசிரியைக்கு இது பொறுக்குமா? ஆயினும் சந்தையிலே நின்று யாருக்குப் பாடம் நடத்துவது!) ஆமா ஒரே பருமனுள்ள இரண்டு கிழங்குகளை இரு கைகளிலும் ஏந்தி நிறை பார்த்து, பாரங் குறைந்ததையே வாங்குவார். பாரமானதில் நீர் மிகுதி. இலேசானதே மாவாக மலரும்.

தோலைச் சீவும்போது கையும் ஈரமாகக் கூடாது, கிழங்கும் ஈரமாகக் கூடாது. நான் பழக்கதோஷத்தாற் கிழங்கைக் கழுவப் போனேன். என் புறங்கையில் ஓர் அடி விழுந்தது. சேம்பின் கலங்களுள்ளே கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்குகள் ஊசிக் கட்டுகளாக அடுக்கப்பட்டிருக்கும். அவை தோலிற் குத்துவதாலேயே சேம்பு சொறிகிறது. ஈரக்கையில் அச்சொறி இன்னும் மோசம். வகுப்பிலே நுணுக்குக்காட்டியின் கீழ் எத்தனையோ மாணவருக்கு அவ்வூசிகளைக் காட்டியவள் நான். கிழங்கைக் கழுவக்கூடாதென்பதை மட்டும் எழுதப்படிக்கத் தெரியாத ஆமாவிடம் அறிந்துகொண்டேன்.

விரல் மொத்தத்தில் வில்லைகளாக அரிந்து, இடியப்பம் அவிப்பதுபோல ஆவியில் முக்கால் மணிநேரம் அவிக்கவேண்டும். குச்சியாற் குத்தினால் வில்லை தானாக உடையவேண்டும். அரைவேக்காட்டை நம்பக்கூடாது, தொண்டை சொறியும். அவிந்ததும் சூட்டோடு சூடாகப் பலகையிற் கொட்டி, அகன்ற வெட்டுக்கத்தியைப் படுக்கையாகப் பிடித்து, சிறிது சிறிதாக அழுத்தி இழுத்துத் தேய்ப்பார் ஆமா. சுவரிலே சுண்ணாம்புச் சாந்து பூசும் மேசனின் கைப்போலிருக்கும் அது. கட்டி ஒன்றும் மிஞ்சாது. நார்கள் கத்தியின் முனையிற் சேர்ந்து வரும். சேம்பின் மாமணிகள் மிகமிகச் சிறியவை. உருளைக்கிழங்கின் மாமணிகளோடு ஒப்பிட்டாற் கடுகும் கடலையும் போல. அதனாலேதான் நன்றாகத் தேய்த்த சேம்பு நாவிலே பட்டாகப் படுகிறது.

பின்னர் தாச்சி. கச்சான் எண்ணெயைச் சுடவைத்து, மசியலை இட்டு, சிறுதீயிலே கிண்டத் தொடங்க வேண்டும். மசியல் எண்ணெயை முழுவதும் குடித்துவிடும். இன்னுஞ் சிறிது விடவேண்டும், அதையுங் குடிக்கும். சீனியை மூன்று தடவையாகப் பகிர்ந்து சேர்ப்பார்; சேர்க்குந்தோறும் களி இளகும்; மீண்டும் இறுகும். மிக இறுகினால் ஓர் அகப்பை வெந்நீர். இப்படியே நாற்பது நிமிடம். என் தோள் கழன்றுவிடும்போலிருந்தது. எண்பது வயதுக் கிழவியோ நின்ற நிலை மாறவில்லை. நான் கையை எடுத்த போதெல்லாம் தம் உள்ளங்கையைக் காட்டி, தாச்சியின் சுவரைக் காட்டி, பிறகு இரண்டையும் பிரித்துக் காட்டினார். களி சுவரை ‘விட்டுவிட’ வேண்டும் என்பது கருத்து. எவ்வளவு எண்ணெய், எவ்வளவு நேரம் என்ற கேள்விகளுக்கெல்லாம் அவரிடமிருந்த ஒரே விடை அதுதான்.

மேலே இடும் முத்துப்போன்ற விதைகள் கிங்கோ மரத்துக் கொட்டைகள். ஓட்டை உடைத்து, அவித்து, மெல்லிய தோலை உரித்து, நடுவிலுள்ள கசப்பான முளையைப் பற்குச்சியாற் குத்தி எடுத்து, சீனிப்பாகிற் காய்ச்ச வேண்டும். பச்சையாகவோ அளவுக்கு மிஞ்சியோ தின்றால் நஞ்சு. என் கணவருக்கென்று ஐந்தை எண்ணிக் கிண்ணத்தில் இட்டார். என் குழந்தைக்கு ஒன்றுங் கொடுக்கவில்லை. பூசணித் துண்டுகளுக்கும் பாகுதான்.

வெங்காயத் தாளிதம் மணக்குமே என்றெண்ணி, எங்கள் வீட்டிலிருந்து நான்கைந்து சின்ன வெங்காயம் கொண்டுவந்து வைத்தேன். அவற்றைக் கண்டதும் ஆமா திடுக்கிட்டார். மருமகளைக் கூப்பிட்டு ஏதோ சரமாரியாகச் சொன்னார். மருமகள் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார்: “மரக்கறி என்கிறாள், வெங்காயந் தின்கிறாளே! இதென்ன மரக்கறி?” அவர்களுடைய விரதத்திலே வெங்காயமும் உள்ளியும் விலக்கு. கொழுப்பு மணத்துக்கு முகஞ் சுளித்த ஆசாரக்காரி, வெங்காயத்தோடு வெட்கி வீடு திரும்பினேன். மறுமுறை வெறுங்கையோடு போனேன்.

தேங்காய்ப்பாலைப் பற்றியும் ஒரு சொல். சிங்கப்பூரின் உணவுச்சாலைகள் பலவற்றில் ஓ-நீயின்மேல் தேங்காய்ப்பால் ஊற்றித் தருகிறார்கள். தென்னை நாட்டுக்கு வந்து சேர்ந்தபின் உண்டான வழக்கம் அது. முதற்பால் விடாத இராசவள்ளிக் கூழை நினைத்தும் பாராத யாழ்ப்பாணத்தாளாகிய எனக்கு அது பொருத்தமாகவே பட்டது. ஆமா ஒப்பவில்லை. சுவாத்தோவிலே அவருடைய தாயார் தேங்காய்ப்பாலைக் கண்டாரா என்பது அவருடைய வாதம். சீனியைக் குறைப்போரையும் அவர் மன்னிப்பதில்லை. சருக்கரை நோய்க்குப் பயந்தால் ஒரு கரண்டி குறைத்துத் தின்ன வேண்டுமேயன்றி, ஒரு பிடி குறைத்துக் கிண்டக்கூடாதாம்.

உண்ணும்போதும் ஓர் எச்சரிக்கை. மேலே எண்ணெய் படர்ந்து மூடியிருப்பதால் ஓ-நீயிலிருந்து ஆவி எழுவதில்லை. ஆறிவிட்டதென்று வாயிலிட்டால் அண்ணம் வெந்துபோகும். இதைப்பற்றிச் சீனரிடையே ஒரு கதை வழங்குகிறது. 1839 இல் அபினை அழித்த அதிகாரி லின் சே-சூவுக்கு வெள்ளைக்காரர் குளிர்களி கொடுத்தனராம். புகைபோலக் குளிராவி எழுவதைக் கண்டு, சூடென்றெண்ணி அவர் ஊத, அவர்கள் நகைத்தனராம். பின்னர் அவர் அளித்த விருந்திலே ஆவியே எழாத சேம்புக் களி வந்ததாம். நகைத்தவர் வாயெல்லாம் வெந்ததாம். நடந்ததோ இல்லையோ, என் வாய் வெந்தது உண்மை.

அடுத்த ஓராண்டிலே ஏழெட்டு முறை அந்த விரதத் தாச்சியில் நாங்கள் இருவருஞ் சேர்ந்து கிண்டியிருப்போம். 2011 பெப்ரவரி 3 ஆம் நாள் மறுபடியும் புத்தாண்டு. முதல்நாள் ஆமா மற்றத் தாச்சியை, பன்றிக்கொழுப்புத் தாச்சியை, அடுப்பில் ஏற்றினார். என்னையும் அழைத்தார். உண்ண வேண்டாம், வந்து பார் என்று கண்ணையும் வாயையுந் தொட்டுக் காட்டினார். கொழுப்பு உருகும் மணம் வெளிவாசல் வரை வந்துவிட்டது. நான் அடுப்படி நிலையோடு நின்றுகொண்டேன்; சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டேன். அங்கிருந்து எனக்குத் தெரிந்தது ஆமாவின் முதுகு மாத்திரமே. இரண்டு முறை திரும்பிப் பார்த்தார், பின்பு பார்க்கவில்லை. அவ்வாண்டு நடுப்பகுதியில் நாங்கள் ஊர் திரும்பிவிட்டோம்.

இப்போது வாசகர்களுக்கு என் இடர் விளங்கியிருக்கும். ஆமா 2023 இற் காலமானார். அவருடைய குடும்பம் என்னிடங் கேட்பது புத்தாண்டு ஓ-நீ. கொழுப்பும் வெங்காயமும் சேர்ந்தது. அவர்களுடைய பிள்ளை ஆமாவுடையதென்று நாவில் வைத்திருப்பது. எனக்குத் தெரிந்ததோ விரத நாளது. அவர்களுடையதை நான் ஒருமுறை குப்பையிலே கொட்டினேன். ஒருமுறை வாசலிலே நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆயினும், தெரிந்ததையாவது அளந்து எழுத வேண்டுமே. ஆமாவோடு நின்ற காலத்தில் நான் எதையும் நிறுத்ததில்லை. ஆகவே வீட்டிலே செய்து பார்க்கத் துணிந்தேன். முதற்சனி, நேரமில்லையென்று கிழங்கை நீரில் அவித்தேன், பசையாயிற்று, மகன் அதனாற் கடித உறை ஒட்டலாமென்றான். இரண்டாஞ் சனி, சந்தையில் வாங்கிய சிறு கிழங்குகளை ஆவியில் அவித்தும் வழுவழுப்புப் போகவில்லை. போதாக்குறைக்குக் கச்சான் எண்ணெய் கிடையாமல் நல்லெண்ணெய் விட்டேன். எள்ளின் மணம் சேம்பை அமுக்கிவிட்டது. மூன்றாவது தடவைக்கு, வன்னியில் வாய்க்காற் கரையிலே சேம்பு நட்டிருக்கும் உறவினர் ஒருவரிடஞ் சொல்லி, இரண்டு பெருங்கிழங்குகளைப் பஸ்ஸிலே வரவழைத்தேன். கிங்கோவுக்கு எங்கே போவது? குளத்துத் தாமரை விதைகளை உரித்து அவித்தேன். அவற்றுக்கும் நடுவிலே கசப்பான பச்சை முளை உண்டு; பற்குச்சியை எடுத்தபோது ஆமாவின் விரல்கள் நினைவுக்கு வந்தன.

அன்று களி தாச்சியை விட்டது. கிண்ணத்தில் எடுத்து மாமிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் உண்டுவிட்டு, “உதென்ன பிள்ளை, இராசவள்ளியோ? நிறம் வெளுத்துப்போய்க் கிடக்கு” என்றார். சேம்பு என்றேன். “சேம்பிலயோ! நாலு நாளைக்குத் தொண்டை சொறியப்போகுது” என்றவர், கிண்ணத்தை வழித்துவிட்டே கீழே வைத்தார். தொண்டை சொறியவில்லை.

தோல் சீவிய கிழங்கு 1 கிலோ. சீனி 250 கிராம். எண்ணெய் 150 மில்லிலீற்றர், அதையும் மூன்று தடவையாக. வெந்நீர் ஒரு கோப்பைக்குச் சிறிது குறைவு. அவிக்க 45 நிமிடம், கிண்ட 40 நிமிடம். இலத்திரனியல் தராசு காட்டியவற்றை அப்படியே குறித்து எழுதினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த மனம் வரவில்லை. மின்தூக்கி அருகே நடந்ததை மருமகள் முன்பே அறிவார். புத்தாண்டுக்கு முதல்நாள் வாசலில் நின்றதை அறியார். அதையும் எழுதினேன். கொழுப்பு எவ்வளவு என்பதை நான் பார்க்கவில்லையென்றும், ஆமாவின் கணக்கு அளவிலன்று, களி தாச்சியை விடுவதிலேதான் இருந்ததென்றும், எந்த எண்ணெயானாலும் அது சுவரை விடும்வரை சிறிது சிறிதாக விடுங்களென்றும் எழுதி அனுப்பினேன்.

மறுநாள் விடை வந்தது, எழுதியவன் பேரன். இப்போது இருபத்து நான்கு வயது இளைஞன். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தான்: “நீங்கள் பார்க்கவில்லை, சரி. ஆனால் கேட்டிருப்பீர்களே. முதலிற் சத்தமிட்டது கொழுப்பா, வெங்காயமா?”

அன்றிரவு கண்ணை மூடிக்கொண்டு அந்த அடுப்படி வாசலில் மறுபடியும் போய் நின்றேன். முதலில் நெடுநேரம் மெல்லிய பொரிச்சத்தம். மழைத் தூறல் தகரத்தில் விழுவதுபோல. பிறகு கத்தி பலகையிற் படும் ஓசை. அதன்பின் ஒரேயடியாகச் ‘சோ’வென்ற இரைச்சல், உடனே வெங்காயம் பொரியும் மணம், எங்கள் வீட்டுத் தாளித மணமே. இரைச்சல் அடங்குமுன் துளையகப்பை கிண்ணத்தில் தட்டும் ஒலி. பொரிந்ததை வடித்தெடுத்திருக்க வேண்டும். அதற்குப் பின்னரே சேம்பு விழும் ஓசை, கனமாக. கொழுப்பு முதலில், வெங்காயம் அடுத்தது, இரண்டின் சக்கையையும் எடுத்துவிட்டுச் சேம்பு என்று எழுதினேன்.

ஐப்பசியிலே படையல் நாளன்று ஒரு படம் அனுப்பியிருந்தான். ஆமாவின் உருவப்படத்துக்கு முன்னே தோடம்பழங்களும் தேநீர்க் கிண்ணங்களும். நடுவிலே அதே நீலப்பூக் கிண்ணம். ஐந்து முறை கிண்டிப் பார்த்தானாம், நாலாவது முறை தாச்சியை விட்டதாம், ஐந்தாவதைத்தான் வைத்தானாம். சீனியை மட்டும் 200 கிராமாகக் குறைத்துக்கொண்டதாக எழுதியிருந்தான். ஆமா இருந்திருந்தால் ஏசியிருப்பார் என்று பதில் போட்டேன். தெரியும் என்றான்.